எதிர் வீட்டுச் சம்மதம்

“நாலு பேரைக் கூப்பிட்டா தூக்கிட்டு வந்து உள்ளே விட்டுடுவாங்க. இதுக்குப் போய் யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்” என்றாள் அம்மா.

“நாலு பேர் தூக்கற பேச்செல்லாம் எதுக்கும்மா? அப்பா உயிரோடதானே வர்றாரு” என்றாள் மகள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன மகளுக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து இரண்டு பேரும் ஓய்ந்து போயிருந்தார்கள்.

பக்கவாதம் வந்த அப்பா நாளைக்குச் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். வாசலிலோ உயரமான மூன்று கல்படிகள். அவற்றின்மேல் சாய்தளம் போட்டால்தான் நாற்காலி ஏறும், இறங்கும். “தினமும் வெளியே கூட்டிட்டுப் போங்க. நாலு சுவத்துக்குள்ள போட்டு வெச்சா மனுஷன் சீக்கிரம் போயிடுவார்” என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

ஆனால் இது பழமை மாறாமல் பாதுகாக்கப்படும் தெரு. வாசலில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எதிர் வீட்டார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ‘தினமும் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கப் போறது அவங்கதானே’ என்று வாதாடி அந்த விதியைக் கொண்டு வந்தவளே அம்மாதான். தெருப் பாதுகாப்புக் குழுவின் தலைவி. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி வெயிலையே மறைத்துவிட்டன. இந்த ஒரு தெருவில் மட்டும் ஓட்டுக் கூரையும் மரக்கதவும் மிஞ்சியிருப்பது, அவள் ஒற்றைக் காலில் நின்றதால்தான். அம்மாவைக் கண்டால் பில்டர்கள் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள் என்று மகள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள்.

“எதிர் வீட்டு மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சது. கேட்டா என்ன?”

“நான் கேட்க மாட்டேன்.”

“அதான் ஏன்னு கேட்கறேன்.”

“மாட்டேன்னா விடேன்டி.”

பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவைப் பார்த்த ஜன்னலை அம்மா ரொம்ப நாளாகத் திறப்பதே இல்லை. அடுக்குமாடி வேலையால் தூசி வருகிறதாம். தெருவில் மற்ற ஜன்னலெல்லாம் திறந்துதானே கிடக்கிறது, தூசிக்கு நம் வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியுமா என்று மகளும் வந்த நாளிலிருந்து கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“சரி, தலைவி கௌரவத்தைப் பாரு. நான் போய்க் கேட்டுட்டு வரேன்.”

அம்மா தடுக்கவில்லை. “அவர் முடியாதுன்னு சொன்னா பேசாம வந்துடு. சண்டை போடாதே.”

“நடக்க முடியாத மனுஷனுக்கு ஒரு ராம்ப் போடறதை எவனாவது வேண்டாம்பானா? அப்படிச் சொன்னா அவன் மனுஷனே இல்லம்மா.”

அம்மா முகத்தை இரண்டு கைகளாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு வெல்டர் மாமா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வா பாப்பா. அப்பா எப்படி இருக்கார்?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அம்மா அனுப்பினாங்களா?”

“இல்ல மாமா. அவங்களுக்கு வந்து கேட்கக் கூச்சம்.”

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். அவள் அவசரமாகச் சொன்னாள்: “சின்னதாத்தான் போடுவோம் மாமா. பார்க்க அசிங்கமா இருக்காது. தெருவோட அழகு கெடாது.”

“தெருவோட அழகு...” என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, அவள் கொண்டு வந்த தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “ரொம்ப நன்றி மாமா.”

“ராம்ப் செய்யக் கொடுத்தாச்சா?”

“இனிமேதான்.”

“நாளைக்குள்ள எவனும் செஞ்சு தரமாட்டான். வா.”

வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே இரும்புச் சாய்தளம் ஒன்று. சக்கரம் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தது. இரண்டு பேருமாக அவர் வீட்டு வாசல் வரை இழுத்து வந்தார்கள்.

“அளவு சரியா இருக்கும். இந்தத் தெருவுல எல்லா வாசலுக்கும் அதே மூணு படிதானே.”

“புத்தம் புதுசா இருக்கே மாமா! ஒரு கீறல்கூட இல்ல. யாருக்குச் செஞ்சீங்க?”

“எங்கப்பாவுக்கு.”

அந்தத் தாத்தாவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இதே படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையெல்லாம் ‘கலெக்டர் எங்கே கிளம்பிட்டீங்க?’ என்று வம்புக்கு இழுப்பார். அவள் கல்யாணமாகிப் போன பிறகு கால் விழுந்து, கடைசி இரண்டு வருஷம் முன்னறை ஜன்னலோரம் படுத்தபடியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்து செத்துப் போனாராம்.

“அப்புறம் ஏன் மாமா இதைப் போடல? தாத்தா வெளியவே வரலைன்னு சொன்னாங்களே!”

வெல்டர் குனிந்து ஒரு முனையைத் தூக்கினார். “அந்தப் பக்கம் பிடி பாப்பா. கனமா இருக்கும்.”

தூக்கிய பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “எதிர் வீட்டுல சம்மதிக்கல.”

அவள் திரும்பி எதிர் வீட்டைப் பார்த்தாள். அம்மாவின் ஜன்னல் சாத்தியே இருந்தது.