பிறந்தால் போதும்

அது ஞாயிற்றுக்கிழமையா, திங்கட்கிழமையா என்பது கதை சொல்பவருக்கு இப்போது சரியாக நினைவில்லை. பூட்டு புதியது என்பது மட்டும் நிச்சயம். அதன் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக் கொடுத்தவர் செயலாளர் அகஸ்ரின்தான்.

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்தொன்றில், புளியடித்துறை மக்கள் ஒன்றியத்தின் மண்டபக் கதவுக்கு முன்னால் கார்மேலோ முழங்காலிட்டுப் பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கட்டடம் அவருடைய தாயாருடையது. அந்த வெள்ளைவெளேரென்ற கிழவி போன வருடம் இறந்தபின் மகனுக்கு வந்திருந்தது.

மகனோ செயற்குழுவில் எவரையும்விடக் கறுப்பு. துறைமுகத்தில் வெயில் குடிக்கிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று போன கிழமைவரை தலைவராயிருந்த பேரின்பநாயகம் எல்லோருக்கும் விளக்கம் சொல்லியிருந்தார். 'மாதா தந்த பிள்ளை' என்று தாயார் சந்தெல்லாம் சொல்லித் திரிவார். எந்தத் தாய்தான் அப்படிச் சொல்லமாட்டாள்?

வக்கீல் சொன்னதைக் கார்மேலோ வந்தவுடனேயே சொல்லிவிட்டார். புது ஒப்பந்தத்தில் ஒன்றியத்தின் தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தத் தலைவர் இத்தாலியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே பூட்டு.

"மாமா, என்னைத் தலைவராக்குங்கோ," என்றாள் நிரோசினி. வெள்ளிக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். "எனக்குப் பதினெட்டு வயசிலையே சிற்றிசன் கிடைச்சிட்டுது. கையெழுத்தை வைச்சிட்டு நாளைக்கே விலகிறன்."

"நீ எங்கை பிள்ளை பிறந்தனீ?" என்று கேட்டார் பேரின்பநாயகம்.

"இஞ்சைதான். பலேர்மோவிலை."

"எங்கடை ஒன்றியத்துச் சட்ட யாப்பிலை என்ன கிடக்கு? 'தலைவர் புளியடித்துறையில் பிறந்தவராக இருத்தல் வேண்டும்.'"

"அதை எழுதினதே நீங்கள்தானே!"

"நான் எழுதினதாலைதான் சொல்லுறன்."

அவருடைய மனைவி ரதி பொறுக்கமாட்டாமல் வாய் திறந்தாள். "இஞ்சேருங்கோ, அந்த ஒரு வரியை மாத்தினால் என்ன குடியா முழுகிப்போகும்?"

"தலைவரைச் செயற்குழு தெரியலாம். யாப்பை மாத்திறதுக்குப் பொதுக்கூட்டம் வைக்கோணும். கூட்டத்துக்குத் தலைவர் தலைமை தாங்கோணும். என்ரை காலம் போன கிழமையோடை முடிஞ்சுது. தலைவர் எங்கை?"

பழைய பூட்டிலிருந்து ஒரு திருகாணி கழன்று படியில் உருண்டது.

ஊரில் பிறந்தவர்கள் ஒருவரும் இத்தாலியக் குடியுரிமை எடுத்திருக்கவில்லை. "எடுத்தால் ஊர்க்காணி போயிடும் எண்டு நீங்கள்தானே அண்ணை எங்களை வெருட்டினீங்கள்," என்றார் அகஸ்ரின். "இப்ப அங்கை காணி காடு பத்தையாக் கிடக்கு. இஞ்சை மண்டபத்துக்குப் பூட்டு."

காலையில் ஒரு சிஞ்ஞோரா வீட்டம்மாவின் குளியலறையைத் தேய்த்துவிட்டு வந்து, இந்த மண்டபத்து நாற்காலியில் உட்காரும்போதுதான் பேரின்பநாயகத்தின் முதுகு நிமிரும். நகரத்தில் வேறெங்கும் யாரும் அவருடைய முழுப் பெயரைச் சொல்வதில்லை. நாளையிலிருந்து எங்கே போய் உட்காருவது என்று அவர் யோசித்தார். அந்த யோசனைக்கு அடி தட்டுப்படவில்லை.

கார்மேலோ தலை நிமிர்ந்தார். "இந்தப் பெண் கையெழுத்து வைக்கட்டுமே. ஏன் சண்டை?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

சுவரில் ஒன்றியத்தின் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அது தனித் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவரும் பேரின்பநாயகமே. ஆகவே நிரோசினி இத்தாலிய மொழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஊரின் பெயரைச் சொன்னபோது, திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்த திருப்பி நின்றது. அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார் கார்மேலோ.

பிறகு கேட்டார்: "அங்கே பிறந்தால் போதுமா? வேறொன்றும் வேண்டாமா?"

நக்கல் என்றே பேரின்பநாயகம் எடுத்துக்கொண்டார். நிரோசினியைப் பார்த்துத்தான் கத்தினார். "பிறந்தால் போதும் எண்டு சொல்லு! பாஷை தெரியத் தேவையில்லை. சைவமோ வேதக்காரனோ, அதுவும் தேவையில்லை. துறைமுகத்திலை மூட்டை தூக்கிறவன் எண்டாலும் பறவாயில்லை. எங்கடை ஊர் மடத்துச் சிஸ்டர்மாரின்ரை ஆசுப்பத்திரியிலை பிறந்திருக்கோணும். அவ்வளவுதான்!"

அவள் கோபத்தையும் சேர்த்து மொழிபெயர்த்தாள்.

கார்மேலோ திருப்பியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மெல்ல, நெடுநேரம் பேசினார்.

"என்னவாம்? பூட்டைப் போடப் போறாராமோ?" என்று கேட்டார் பேரின்பநாயகம்.

"இல்லை மாமா. தாய் இவரைக் கைக்குழந்தையிலை தத்தெடுத்தவவாம். எங்கடை ஊர் சிஸ்டர்மாரிட்டை இருந்து. அவையின்ரை ஆசுப்பத்திரியிலைதான் பிறந்தவராம்."

அன்றே கார்மேலோ ஏகமனதாகத் தலைவராகத் தெரிவானார். எதிர்ப்பதற்கு யாப்பில் இடமிருக்கவில்லை. ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரின் இடத்திலும் வாடகைக்கு இருப்பவரின் இடத்திலும் அவரே கையெழுத்திட்டார்.

பேரின்பநாயகம் இப்போது போஷகர். அகஸ்ரின் செயலாளராகவே இருக்கிறார். ரதி புதிய தலைவரைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறாள். நிரோசினியின் வகுப்பில் ஒரு மாணவர் கூடியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து 'ஆனா' எழுதுகிறார். ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்ற வரியை நீக்கலாமா என்று அவள் கேட்டபோது, கூடாது என்று மறுத்தவரும் அந்தப் புது மாணவர்தான்.

மழைக்கு மண்டபக் கூரை ஒழுகுகிறது. உடனே திருத்தித் தரும்படி தலைவர் வீட்டுக்காரருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்.

பதில் இன்னும் வரவில்லை.