எத்தனை மூடி?

"இஞ்சாருங்கோ, உங்கட இந்த வண்டி என்ன மொடல்?"

கராஜ் வாசலில் நின்றபடி சிவநேசம் கேட்டாள். கோல்ஃப் வண்டியில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் அருமைராசாவுக்குப் புரையேறியது.

"ஏனப்பா இப்ப திடீரெண்டு?"

"சும்மா கேட்டனான். சொன்னாக் குறைஞ்சா போயிடுவியள்?"

சும்மா கேட்கிற ஆளா சிவநேசம்! காலையில் அவள் யாருடனோ போனில் குசுகுசுத்தது அருமைராசாவின் காதில் விழுந்திருந்தது. "ஓம் அண்ணை, வாற சனிக்கிழமை அது கராஜை விட்டு வெளிய வந்திடவேணும். இவருக்கு மூச்சு விட்டிடாதேங்கோ." வேறென்ன, வண்டியை விற்கப்போகிறாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கோல்ஃப் கிளப்பில் காலமெல்லாம் புல்லு வெட்டிவிட்டு ஓய்வுபெற்ற அன்று, கிளப்காரர் அருமைராசாவுக்கு இந்தப் பழைய வண்டியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பற்றரி படுத்துவிட்டது. புதுப் பற்றரியின் விலையைக் கேட்டதும் அருமைராசாவும் படுத்துவிட்டார். அன்றிலிருந்து பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டின் ஒரே கராஜுக்குள் வண்டி புதுமாப்பிள்ளை போல உட்கார்ந்திருக்க, சிவநேசத்தின் கார் வெளியே பனியில் கிடந்தது. குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். சுரண்டும்போது அவள் திட்டுகிற திட்டு, பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரருக்கே பாடமாகிவிட்டது.

ஆனால் அருமைராசாவுக்கு அந்த வண்டி உயிர். ஓடாவிட்டால் என்ன? பின்னேரங்களில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், பச்சைப் பசேலென்ற புல்வெளி முழுவதும் கண்முன் வந்துவிடும். முன்பின் தெரியாத எவனோ அதைத் தள்ளிக்கொண்டு போவதை நினைக்கவே அவரால் முடியவில்லை. ஒருவரும் வாங்காதபடி செய்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

"மொடலோ? அது சரியான பழசு. தொண்ணூறாம் ஆண்டுக்கு முந்தினது," என்றார். வண்டிக்கு உண்மையில் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை.

"முன்தட்டுக்குக் கீழ ஒரு தகட்டில நம்பர் அடிச்சிருக்குமாமே?"

"இருந்தது. துருப்பிடிச்சுப் போச்சு." முழங்காலை நகர்த்தித் தகட்டை மறைத்தார்.

சிவநேசம் விடவில்லை. போனைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"சீற்றுக்குக் கீழ எத்தினை பற்றரி?"

"ஆறு."

"ஒவ்வொண்டிலயும் தண்ணி விடுற மூடி எத்தினை? மூண்டெண்டா ஆறு வோல்ட்டாம், நாலெண்டா எட்டு வோல்ட்டாம்."

மூடிவரைக்கும் விசாரிக்கிறான் என்றால் வாங்க வருகிறவன் பொல்லாத ஆள்தான். இருந்ததென்னவோ நாலு மூடி. வலுக் குறைந்த வண்டி என்று சொன்னால் எவன் எடுப்பான்?

"மூண்டு," என்றார்.

"வடிவாத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாதோ? இவ்வளவு காலமும் உதோடதானே மாரடிச்சனான்."

"எதுக்கும் சீற்றைத் தூக்குங்கோ, நான் ஒருக்கா எண்ணிப் பாக்கிறன்."

"ஐயோ, கிட்ட வராதையும்! அசிட். உம்மட புதுச் சுவெற்றர் பொத்தலாப் போயிடும்."

சுவெற்றர் என்றதும் சிவநேசம் பின்வாங்கினாள். ஆனாலும் சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். "மூண்டுதானே?" மறுநாள் கோயிலுக்குப் போகிற வழியிலும் கேட்டாள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக, "மூண்டுதான்" என்றார் அருமைராசா. பிறகு மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பழசை ஆரும் எடுப்பினமோ?"

சிவநேசம் வாய்க்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. "பொன்ஜூர்!" என்று ஒரு தடித்த ஆள் இறங்கினான். அருமைராசா செருப்பும் போடாமல் கராஜுக்கு ஓடி, வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் இறங்கமாட்டன்! கொண்டுபோறதெண்டா என்னையும் சேத்துக் கொண்டுபோங்கோ!"

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆறு பாரமான பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவந்து வண்டிக்கு முன்னால் இறக்கினான். சிவநேசத்திடம் கையெழுத்து வாங்கினான். "மெர்சி" சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

"என்னப்பா இது?"

"அடையாள அட்டையில பதிஞ்சு கிடக்கிற தை மாசத்தை விடுங்கோ. உங்கட உண்மையான பிறந்தநாள் இண்டைக்குத்தானே?" சிவநேசத்தின் முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது. "புதுப் பற்றரி. எத்தினை நாளைக்குத்தான் ஓடாத வண்டியில குந்திக்கொண்டு இருக்கப்போறியள்? ஸ்னோ கொட்டமுதல் வெளிய எடுத்து வளவைச் சுத்தி ஓடுங்கோ. நான் இந்த வருசமும் ஐஸ் சுரண்டினாப் போச்சு."

அருமைராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிசியையா சந்தேகப்பட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். குதித்து இறங்கி ஆசையோடு முதல் பெட்டியைப் பிரித்தவர், அப்படியே கல்லாய் நின்றுவிட்டார்.

"ஏன் முழுசுறியள்? நீங்கள் சொன்ன அதே மூண்டு மூடிதான். ஓர்டர் பண்ணி எடுத்தாப் பேந்து மாத்தித் தரேலாது எண்டு கடைக்கார அண்ணை சொன்னவர், அதுதான் உங்களிட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டனான்!"