விடை சொன்னவள் உட்காரலாம்

ரெஜினா மிஸ்ஸின் ஆங்கில வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். நாற்காலியில் இருந்தபடியே மிஸ் ஒரு சொல்லை வீசுவார். அதைப் பெயர்ச்சொல்லாக்கித் திருப்பிச் சொன்னவள் உட்காரலாம். ‘கைண்ட்’ என்றால் ‘கைண்ட்னஸ்’. ‘டிசைட்’ என்றால் ‘டெசிஷன்’. “இதெல்லாம் கண்ணால பாக்க முடியாத, கையால தொட முடியாத சங்கதி” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மரியபாக்கியத்துக்கு விழுந்த சொல் ‘பேஷன்ட்’. ‘பேஷன்ஸ்’, அதாவது பொறுமை என்ற விடை அவளுக்குத் தெரியும், திக்குவாய்தான் விடவில்லை. “பே... பே...” என்றவளை மிஸ் கையமர்த்தினார். “போதும், மானத்த வாங்காத. மணியடிக்கிற வரைக்கும் நில்லு.” உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்தவள் இசக்கி. “ஒபே” என்றார் மிஸ். கீழ்ப்படி என்று அர்த்தம்.

“ஒபீடியன்ஸ்” என்றாள் பட்டென்று. ஆனால் உட்காரவில்லை.

“அதான் சொல்லிட்டல்லா? உக்காரு.”

“மரியபாக்கியம் சொல்லி முடிக்கட்டும் மிஸ். அதுவரைக்கும் நானும் நிக்கேன்.”

“திமிரா? நாளைக்குப் பேச்சுப் போட்டிக்கு உன்னத்தான் அனுப்புதேன், ஞாபகம் இருக்கட்டும்.”

“வேற ஆள அனுப்பிக்கிடுங்க.”

முன்வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. சற்றுமுன் சிரித்தவள்தான் எழுந்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள். அதற்கப்புறம் எந்தப் பெஞ்சின் சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மரியபாக்கியம் மறுபடியும் “பே...” என்று தொடங்கினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

வகுப்பில் அப்போது உட்கார்ந்திருந்தது ரெஜினா மிஸ் மட்டும்தான்.