சுவருக்கு வெளியே

கல்லறைத் திருநாளின் மாலை வெயில் சுண்ணாம்பு அடித்த சிலுவைகளின் மேல் சாய்ந்திருக்கிறது. ரெஜினாவின் முப்பாட்டன் ராயப்பன் கல்லறைச் சுவருக்கு உள்ளே, சாமந்தி மாலைக்கடியில் இருக்கிறார். அவரோடு சேர்ந்து காடு திருத்திய மனைவி மதலேனம்மாளை, வாந்திபேதியில் செத்ததால் கிழக்குச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டார்கள். கோயிலின் பழைய ஏட்டில் அதைப் படித்த ரெஜினா, அங்கே முள்ளை வெட்டி ஒதுக்கி, மண்மேட்டில் மெழுகுவத்தி ஊன்றுகிறாள். காற்று அணைக்கிறது. மறுபடி ஏற்றி உள்ளங்கையால் மறைக்கிறாள். “சாமியாரு கல்லற கேட்டத் தாண்டி வெளிய வந்து மந்திரிச்சதே இல்லக்கா. தக்காளிக்குத் தண்ணி கட்டணும், வா,” என்கிறான் தம்பி சகாயராஜ். “நீ போய்க் கட்டு. ஆயா நூத்திநாப்பது வருசமா காத்துக் கெடக்குது, நான் ஒரு மணி நேரம் நிக்க மாட்டனா?” உள்ளே கல்லறைகளை மந்திரித்து வரும் சாமியார் கடைசிக் கல்லறையில் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்புகிறார். ரெஜினா முள் கீறிய கையை உயர்த்துகிறாள்.

“சாமி, எங்க வூட்டுல இன்னும் ஒருத்தங்க இருக்காங்க.”