ரெண்டாவது பொட்டலம்

"கோச்சடைக்கு நானும் வரணுமா, இங்கயே கெடக்கணுமான்னு குலசாமிகிட்டப் பூக் கேட்டுருவோம். செவப்பு வந்தா உங்களோட வாரேன். வெள்ளை வந்தா வரல."

மாமியார் அழகம்மாள் இப்படிச் சொன்னதும் மீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளின் படிப்புக்காக டவுனுக்குள் கோச்சடையில் பிடித்திருப்பது ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு. அதில் மாமியாருமா? ஆனால் புருசன் ஜெயபாண்டி, "அம்மா இல்லாம நான் வரமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். நாத்தனார் தமிழ்வாணியோ, "எங்கம்மாவ விட்டுட்டுப் போயிருவீங்களோ!" என்று திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறியே வந்துவிட்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரின் வாய் ஓய்ந்ததில்லை. விளக்கை ஊதி அணைத்தால் குத்தம். வெள்ளிக்கிழமை ஒட்டடை அடித்தால் குத்தம். எல்லாவற்றுக்கும் மேல் அந்த இடது கைப் புராணம். "இடது கையால திருநூறத் தொடாத. இடது கையால குடுத்தா வீடு வெளங்குமா?"

கோச்சடையிலாவது காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றிருந்தாள் மீனா. இப்போது சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறதே இந்தம்மா!

குலசாமி கருப்பன் கோயிலுக்குப் போனதும் மாமியார் சொன்னாள். "மீனா, செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு நீயே பறிச்சு, நீயே பொட்டலம் கட்டிக் கொண்டா."

"நானா?"

"ஏன், ஒனக்குக் கையில்லையா?"

மீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இம்புட்டு நம்பிக்கை என்றைக்கு வந்தது?

கோயிலுக்குப் பின்னால் செவ்வரளியும் வெள்ளரளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செவ்வரளிக்குப் போன கை, திரும்பி வெள்ளரளிக்கு வந்தது. ஒன்று பறித்தாள். அப்புறம் இன்னொன்று. அதுவும் வெள்ளை.

'கருப்பா, மன்னிச்சிரு. எனக்கு வேற வழி தெரியல.'

இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பூசாரி நல்லகாமன் பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்து, மீனாவின் மகளைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். பிள்ளை எடுத்ததைப் பிரித்தார்.

"வெள்ளை! ஆத்தாவ இங்கயே இருக்கச் சொல்லிருச்சு சாமி."

ஜெயபாண்டியின் முகம் தொங்கிப்போனது. மீனாவுக்கு மூச்சு வந்தது. நினைத்தது நடந்தும் மனசுக்கு என்னமோ மாதிரி இருந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பூசாரி, அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க" என்றாள் தமிழ்வாணி.

"சாமி சொன்னப்புறம் அது எதுக்குத் தாயி?"

"கட்டுனது மீனாதான? பிரிங்க. அதுலயும் வெள்ளை இருக்கட்டும், அப்புறம் பேசிக்கிறேன்!"

ஜெயபாண்டி மீனாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குலசாமி முன்னாடியே திருட்டுத்தனம் பண்ணினவளோடு எந்தப் புருசன் குடும்பம் நடத்துவான்? போச்சு, எல்லாம் போச்சு!

"யாரும் தொடாதீங்க. கேட்டது நானு, நானே பிரிக்கிறேன்" என்று அழகம்மாள் பொட்டலத்தை எடுத்தாள். பூத்தட்டின் பக்கமாகக் குனிந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தாள். "கருப்பா, நீயே காட்டு."

திரும்பி நீட்டிய கையில் செவ்வரளி!

"பாத்தியாடி தமிழ்வாணி? சாமி காரியத்துல சந்தேகமா? கன்னத்துல போட்டுக்க!"

தமிழ்வாணி பட்பட்டென்று போட்டுக்கொண்டாள்.

மீனா அந்தப் பூவையே பார்த்தாள். ரெண்டுமே வெள்ளைதானே? கை தவறிச் சிவப்பை வைத்துவிட்டோமா? இல்லையே, கண்ணால் பார்த்துத்தானே கட்டினாள். அப்படியென்றால் சாமியா மாற்றியது? பொய் சொன்னவளைக் காப்பாற்றவா சாமி இருக்கிறது?

"என்ன மீனா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் ஜெயபாண்டி.

"ஒ... ஒண்ணுமில்லைங்க."

அவனும் தமிழ்வாணியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வெளியே நின்ற வேனுக்கு நடந்தார்கள்.

"இங்க வா" என்று மருமகளைக் கூப்பிட்டாள் அழகம்மாள். தட்டிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசினாள்.

இடது கையால்!

"அத்தே... இடது கையிலயா?"

"சோத்துக்கை ஒழியல."

வலது கை இறுக மூடியிருந்தது. மீனா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே கசங்கிக் கிடந்தது ஒரு வெள்ளரளி.

மீனா நிமிர்ந்து மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பறிக்கும்போதே பாத்தேன்" என்றாள் அழகம்மாள், குரலைத் தாழ்த்தி. "தட்டுல கெடந்த செவப்ப எடுத்துக் காட்டிட்டேன். நான் வரலைன்னு நேராச் சொன்னா உம் புருசன் விடமாட்டான். அதான் பூக் கேட்டேன். வெள்ளை வரணுமேன்னுதான் நானும் வேண்டிக்கிட்டு நின்னேன். சின்னஞ்சிறுசுக, நிம்மதியா இருங்க."

மீனா பொலபொலவென்று அழுதாள்.

"அழுகாத. கிளம்பு. அதான் சாமி சொல்லிருச்சுல்ல?"

"சாமி எங்கத்தே சொல்லுச்சு? சாமிகிட்ட நம்ம இன்னும் கேக்கவே இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூசாரி, நடையச் சாத்திராதீங்க!" என்று கத்தியபடி மீனா கோயிலுக்குப் பின்னால் ஓடினாள்.

செவ்வரளியில் ஒன்று பறித்தாள். அப்புறம் இன்னொன்று. அதுவும் சிவப்பு.