குதிரைகளுக்கு நடுவில்

இத்தனை வருசமும் கணவர் குணசீலனின் சைக்கிள் கரியரில் இருந்தே ஊர் பார்த்தவள் மங்களேஸ்வரி. ஐம்பது வயதில் தானே சைக்கிள் பழகி, முதல் தூரப் பயணமாக அவரோடு நெடுந்தீவுக்கு வந்திருந்தாள். பவளக்கல் மதில்களுக்கு நடுவே வளைந்துபோன பாதை, திடீரென்று ஒரு புல்வெளியில் போய் விழுந்தது. தூரத்தில் இடிந்த ஒல்லாந்தர் கோட்டை. அதற்கு முன்னால், வழியை மறித்துக்கொண்டு காட்டுக் குதிரைகள்.

"நில்லும் மங்களம், நில்லும்!" பின்னாலிருந்து கத்தினார் குணசீலன்.

அவள் நிற்கவில்லை. தலை தூக்கிப் பார்த்த குதிரைகள் சட்டென்று திரும்பி, அவளுக்கு இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கின. புழுதியும் பிடரிமயிரும் கடற்காற்றுமாய் இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோட்டை வாசலில் குதிரைகள் விலகிப்போக, அவள் சைக்கிளோடு புல்லில் சரிந்தாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் குணசீலன். "நான் கத்தினது கேக்கேல்லையே?"

"கேட்டது. நிண்டால் பிறகு தனிய ஏறத் தெரியாதே எனக்கு!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவளுடைய சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார். அவள் ஏறி உட்கார்ந்து, ஹாண்டிலைக் குதிரைகள் போன பக்கமாகத் திருப்பினாள்.

"இனி விடுங்கோ," என்றாள்.