இடது பக்கம் மிஸ் அடிக்குது

சிரிக்கத் தயாரா இருங்க. ஆனா இப்பவே சிரிச்சிடாதீங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை கீது.

முதல்ல அப்பாவோட வண்டி, ஒரு பழைய பைக். ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்புரேட்டர். வயசுல எனக்கு அக்கா. ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்கணும். ஒண்ணு அதிகமா, ஒண்ணு குறைச்சலா இழுத்தா வண்டி இருமும், 'டப்'புன்னு மிஸ் அடிக்கும்.

அதைச் சரி பண்ண அப்பாவே ஒரு கருவி செஞ்சிருக்காரு. ஒரு பலகை. அதுல வளைச்சு அடிச்ச பிளாஸ்டிக் ட்யூப். உள்ளே சிவப்பு ஆயில். வண்டியில காத்து இழுக்கிற வேக்குவம் குழாய்களைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ட்யூபோட ரெண்டு முனையையும் சொருகணும். எந்தப் பக்கம் அதிகமா இழுக்குதோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். சமமா நிக்கிற வரைக்கும் ஸ்குரூவைத் திருகணும். அப்புறம் குழாய்களைத் திரும்ப மாட்டினா வேலை முடிஞ்சுது.

எங்கப்பா சித்தார்த்தனுக்கு மட்டும் முடியவே இல்ல. நாலு ஞாயிறா.

ஏன்னா, வண்டி நிக்கிற ஷெட்டுச் சுவத்துக்குப் பின்னாடி நான்.

எனக்கு யார் குரலும் வரும். பஸ் கண்டக்டர் மாதிரி கன்னடத்துல "முந்தே ஹோகி, முந்தே ஹோகி!", முன்னாடி போங்கன்னு கத்தினா, எங்க லைன் வீடுங்க வாசல்ல சும்மா நிக்கிறவங்களே ரெண்டடி நகர்ந்து நிப்பாங்க. அம்மா குரல்ல "ஏங்க, தண்ணி வந்துடுச்சு!"ன்னா அப்பா குடத்தோட ஓடுவாரு.

வண்டிக் குரலும் வரும். ஷெட்டுச் சுவத்துல, சைலன்சருக்கு நேரா, ஒரு ஓட்டை கீது. அதுல பிவிசி பைப்பைச் சொருகி, இந்தப் பக்கம் வாயை வெச்சு, இஞ்சின் ஓட ஓட...

"டப்!"

"சே! இடது பக்கம் மிஸ் அடிக்குது." அப்பா ஸ்குருடிரைவரை எடுப்பாரு. நான் வாயை மூடிக்குவேன்.

"ஆங், சரியாயிடுச்சு!"

"டப்! டப்!"

"அட, இன்னாடா இது!"

நான் துப்பட்டாவை வாயில அடைச்சுக்கிட்டு உருளுவேன்.

பாவம்தான். ஆறு நாளும் விடியறதுக்கு முன்னாடி எங்க ஊரு சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல ரயில் ஏறி பெங்களூரு போற மனுஷன். அவருக்கு இருக்கிறதே ஒரு ஞாயித்துக்கெழம. அதையும் பொண்ணு இப்படிக் கெடுக்குதேன்னு திட்டணும்னா திட்டிக்கோங்க. சிரிப்புக்கு இன்னும் நேரம் கீது.

போன ஞாயிறு. அம்மா கரண்டியோட ஷெட்டு வாசல்ல வந்து நின்னாங்க.

"ஏங்க! சோறு ஆறிப்போவுது. வர்றீங்களா, இல்லியா?"

"இரு யசோதா. இடது பக்கம் இன்னும் மிஸ் அடிக்குது."

"நாலு வாரமா அடிக்குது! போதும். ஆஷ்லிக்கு ஃபோன் பண்ணிட்டேன். சாயந்தரம் லோடு ஆட்டோ எடுத்தாறான். பழைய இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதான்."

"ஏய், அப்டில்லாம் சொல்லாத. உன்னைப் பொண்ணு பாக்க வந்த வண்டி!"

"அதுக்குள்ள சரியாச்சுன்னா வெச்சிக்கோங்க. இல்லன்னா இரும்பு!"

இரும்புக்கா? அந்த டேங்க் மேல உக்காந்துதான் நான் எல்கேஜிக்கே போனேன். பைப்பைச் சத்தமில்லாம உருவிட்டேன்.

இஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஒரே சீரா ஓடுச்சு.

'சரியாயிடுச்சுன்னு சொல்லுப்பா. சொல்லிடுப்பா.'

அப்பா எதுக்கோ காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

"டப்!"

நான் இல்ல! என் உதட்டை ரெண்டு விரலால பிடிச்சுப் பாத்துக்கிட்டேன். மூடித்தான் இருந்துச்சு.

"டப்! டப்!"

ஐயோ, விளையாட்டுக்கு அடிச்ச மிஸ் நெஜமாவே வந்துடுச்சா? சுவத்தைச் சுத்திக்கிட்டு ஓடினேன்.

"அம்மா, ஆஷ்லி அங்கிளை வர வேணாம்னு சொல்லு! வண்டி மேல தப்பில்ல! இத்தனை நாளும் நான்தான், பைப்புல..."

அப்பா முதுகைக் காட்டிக்கிட்டுக் குந்தியிருந்தாரு. எதிர்ல பலகை. சிவப்பு ஆயில் ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி சமமா நின்னுச்சு. அப்பாவோட கன்னம் மட்டும் உப்பியிருந்துச்சு.

"டப்!"ன்னாரு அப்பா. வாயால.

இப்ப நீங்க சிரிக்கலாம். அம்மா ஏற்கெனவே முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் குலுங்க ஆரம்பிச்சுட்டாங்க.

"ஆஷ்லி அங்கிள்?"

"அவன் குடும்பத்தோட மைசூரு போயிட்டான். வேற எப்டிடி உங்க ரெண்டு பேரையும் சோத்துக்குக் கூப்புடறது?"

நான் அப்பாவைப் பாத்தேன். "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

அப்பா ட்யூபைத் தட்டிக் காட்டினாரு. "நெஜமா மிஸ் அடிச்சா ஆயில் குதிக்கணும் பாப்பா. நீ டப்புங்கற, இது அசையாம நிக்குது. இதுக்கு இன்னா காதா கீது, உன் குரலைக் கேட்டு ஏமார்றதுக்கு? மொத வாரமே எல்லாம் சமமா நின்னாச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தனை வாரமா ஸ்குரூவைத் திருகின?"

"ஸ்குரூவை எங்க திருகினேன்? வெறும் ஸ்குருடிரைவரைத்தான் சுத்திக்கிட்டு இருந்தேன்."

"அதான், இன்னாத்துக்கு?"

அப்பா வண்டியை ஆஃப் பண்ணிட்டு, வேக்குவம் குழாயை எடுத்து மெதுவா மாட்ட ஆரம்பிச்சாரு.

"நான் கெளம்பும்போது நீ தூங்குற. திரும்பி வரும்போதும் தூங்குற. வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டா, நீ அந்தச் சுவத்துக்குப் பின்னாடி வந்து சிரிப்பியா, இன்னா?"